அழகம்மா பெயருக்கு நேரே பன்னிரண்டு ரூபா

சம்பள நாளில் அழகம்மா மடியில் ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் கொண்டுவருவாள். ஆபீஸ் யன்னலை நோக்கி வரிசை நகர நகர, அந்தத் தோலின் வெள்ளைப் பக்கத்தை வலது கைப் பெருவிரலில் வைத்துத் தேய்ப்பாள். அவசரப்படமாட்டாள். முதலில் நகத்தடி, பிறகு விரல் நுனியின் வெடிப்புகள், கடைசியில் சதைப்பிடிப்பான நடுப்பகுதி. இருபது வருஷத்துக் கொழுந்துக் கறை அது. தேயிலைச் சாறு ஏறிய விரல் அடுப்புச் சுவரைப் போலக் கறுத்துவிடும். சவர்க்காரத்துக்கு அசையாது, எலுமிச்சைக்குக் கொஞ்சம் அசையும். தேய்த்து முடிந்ததும் விரலைச் சேலைத் தலைப்பின் உட்புறத்தில் ஒற்றி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் யன்னலுக்குள் கையை நீட்டுவாள்.

பழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் பெரிய கிளாக்கர் றோலண்ட். ஒரு மாதம் அவளுடைய கைநாட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னா, ரேகையா, அட்டை நசுங்குன எடமா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அழகம்மாவும் சிரித்தாள். அடுத்த மாதம் எலுமிச்சைத் தோல் வந்தது. எங்கள் தோட்டத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் கைநாட்டு வைத்தார்கள். கோடுகள் எண்ணக்கூடிய மாதிரித் தெரிந்தது அவளுடையது ஒன்றுதான்.

நான் அப்போது அங்கே செக்ரோல் எழுதும் சின்ன கிளாக்கர். நோர்வூட்டிலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் தோட்டம். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள், அதில் எவ்வளவு பிடித்தோம் என்பதெல்லாம் செக்ரோலில் ஆளுக்கு ஒரு வரியாக ஓடும். வலப்பக்கம் பிடித்தங்களுக்கான கட்டங்கள்: அரிசி, முற்பணம், டோபி, கோயில். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வேறு'. பெரும்பாலான மாதங்களில் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை நான் சின்னச் சின்னக் கோடுதான் போடுவேன்.

அழகம்மாவின் புருஷன் சிவசாமி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரன். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடக் கடைசி வருஷம் என்று எல்லாரும் ஓடித்திரிந்த ஐம்பத்தொன்றில் அவனும் ஓடினான். போட்டோ வேண்டும், பிறந்த பதிவு வேண்டும், இத்தனை வருஷம் இந்த மண்ணில்தான் இருந்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். மனு எழுதுகிறவருக்குக் கூலி, முத்திரை, கண்டிக்குப் போய்வர பஸ் காசு. நோர்வூட்டில் அரிசிக்கடை வைத்திருந்த சின்னத்தம்பி முதலாளியிடம் நூற்றைம்பது ரூபா கடன் வாங்கினான். புரோநோட்டில் புருஷனும் பெண்சாதியும் பெருவிரல் வைத்தார்கள். மனுப் போட்டாயிற்று. பதில் வரவில்லை. ஐம்பத்துநாலாம் வருஷத்து ஆடி மழையில் சிவசாமி நெஞ்சில் சளி கட்டி நாலு நாளில் போய்விட்டான். வராத பதிலும் தீராத கடனும் அழகம்மாவுக்கு மிஞ்சின. மகள் மீனம்மாவும்.

கடனை அவள் மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை. சம்பளத்துக்கு அடுத்து வருகிற ஞாயிறில் நோர்வூட்டுக்கு நடந்து போய் மூன்றோ நாலோ கொடுத்துவிட்டு வருவாள். ரசீதுத் துண்டு கேட்டு வாங்கமாட்டாள். "மொதலாளி நோட்டுல குறிச்சுக்கிட்டாரு" என்பாள். குறித்தாரா என்று பார்க்க அவளுக்கு எழுத்துத் தெரியாது. குறித்திருந்தாலும் அது வட்டிக்குத்தான் போயிருக்கும்.

மீனம்மாவுக்கு எழுத்துத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயசில் பிள்ளைகளுக்குப் 'பேர் பதிவார்கள்'. அதாவது செக்ரோலில் ஒரு வரி, அரைச் சம்பளம், தோளில் கூடை. அழகம்மாவின் நினைப்பு வேறு. ஐம்பத்தேழு ஜனவரியில் பிள்ளையை நோர்வூட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற காசு, சீருடை, சப்பாத்து, புத்தகம் எல்லாம் சேர்த்து நாற்பது ரூபா ஆகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒருநாள் அரிசி போடுகிற இடத்தில் நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அழகம்மா என்னிடம் சொன்னாள்:

"ஐயா, எம் பேரு, அவரு பேரு, எங்க அம்மா பேரு, எல்லாம் ஒங்க புஸ்தகத்துல ஏறிருச்சு. இவ பேரு மட்டும் ஏறக்கூடாதுங்க."

நான் மூட்டைக் கணக்கைத் தவறவிட்டு மறுபடி எண்ணினேன்.

ஐம்பத்தாறு மே மாதக் கடைசியில் நடந்ததை எனக்குச் சொன்னவள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பேச்சியம்மா. காலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்ட ஒரு மனிதன் குடையோடு மலை ஏறி வந்தான். அழகம்மாவின் பெயரைக் கேட்டான். கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார். அவன் ஒரு புத்தகத்தில் அவளுடைய விரலை அழுத்தி எடுத்துக்கொண்டு, நாலாய் மடித்த கடதாசி ஒன்றை நீட்டிவிட்டு, மழை இறங்குமுன் இறங்கிவிட்டான். கடதாசி முழுக்க இங்கிலீஷ். கீழே சீல்.

"சீல் இருக்குடி அழகம்மா" என்று பேச்சியம்மாதான் முதலில் பார்த்தாள். "வந்துருச்சுடி ஒனக்கு."

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் சீல் வைத்த கடதாசிக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. தொழிற்சங்கத்துக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருந்தார்கள்: கவர்மெண்ட் சீல் போட்ட கடுதாசி எது வந்தாலும் தொலைக்காதீங்க, அதுதான் நாளைக்குப் பேசும். மேட்டு லயத்து மாயாண்டி தன் கடதாசிகளை எல்லாம் வாசித்துச் சொல்லும்படி ஒரு மனு எழுதுகிறவனிடம் கொடுக்க, அவன் அவற்றோடு ஊரைவிட்டே போய்விட்டான். மாயாண்டி அன்று முதல் யாருமில்லாதவன் மாதிரி திரிந்தான். அதனால் அழகம்மா அந்தக் கடதாசியை ஒருவரிடமும் காட்டவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டி, சிவசாமியின் போட்டோவோடு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பேச்சியம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பேச்சியம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள். அவள் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே இரகசியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒக்டோபர் மாதச் சம்பளம் பத்தாம் திகதி. அன்று காலையில் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, அழகம்மா பெயருக்கு நேரே 'வேறு' கட்டத்தில் பன்னிரண்டு ரூபா எழுதச் சொன்னார்.

"என்ன பிடித்தம் சேர்?"

"கோட்டுப் பிடித்தம். இதையும் ரைப் பண்ணு."

அவர் கொடுத்த துண்டில் இங்கிலீஷில் நாலு வரி இருந்தது. என் சம்பளத்திலிருந்து மாதம் பன்னிரண்டு ரூபா பிடித்து இன்னாருக்குக் கொடுக்க நான் முழுமனதோடு சம்மதிக்கிறேன் என்று. நான் ரைப் செய்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் செய்தேன்.

அழகம்மாவின் முறை வந்தது. எலுமிச்சைத் தோலை மடியில் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். பெரிய கிளாக்கர் வைத்த காசை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஐயா, கொறையுதுங்க."

"கொறையல. கோட்டு புடிச்சிருக்கு."

"எந்தக் கோட்டுங்க?"

"நான் போட்டிருக்கிற கோட்டுன்னு நெனைச்சியா? அட்டன் கோட்டு." வரிசை சிரித்தது. அவர் லாச்சியைத் திறந்து நீளமாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமல், சீல் மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்தார். "சின்னத்தம்பி மொதலாளி கேஸ் போட்டாரு. நீ போகல. தீர்ப்பாயிருச்சு. வட்டி, செலவு எல்லாம் சேர்த்து இருநூத்தி எம்பத்தேழு ரூவா."

"நான் கட்டிக்கிட்டுத்தானேங்க வர்றேன்."

"அத மொதலாளிகிட்ட சொல்லு. எங்கிட்ட இருக்கிறது ஓடர்." கடதாசியை லாச்சிக்குள் போட்டுவிட்டு நான் ரைப் செய்ததை எடுத்து வைத்தார். "இதுல கை வையி. இல்லாட்டி ஆளு வந்து பானை சட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போவான்."

அழகம்மா என் பக்கம் பார்த்தாள். நான் மைப்பெட்டியை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். அன்று விழுந்த கைநாட்டு மிகத் தெளிவாக விழுந்தது.

பெரிய கிளாக்கர் பங்களாவுக்கு மாதச் சாமான் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முதல் வாரத்தில் சின்னத்தம்பி முதலாளியின் லொறி வந்து இறக்கிவிட்டுப் போகும். அதற்குக் காசு கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. தெரிந்ததை யாரும் பேசவும் மாட்டார்கள்.

அழகம்மாவின் மாத வரும்படி நல்ல மாதத்திலேயே நாற்பது ரூபாவுக்குள். அரிசியும் மற்றதும் போக இருபத்துமூன்று கையில் வரும். இனி பதினொன்று. இரண்டு வாய்க்குக் கறி, உப்பு, மண்ணெண்ணெய், உடுப்பு எல்லாம் அதற்குள். பள்ளிக்கூடத்துக்கு அவள் சேர்த்து வைத்திருந்தது ஒன்பது ரூபா.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து மிஞ்சினால் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு அன்றன்றே கையில் காசு. செக்ரோலுக்கு வராது, ஆகவே பிடிக்கவும் முடியாது. கைக்காசு என்று அதற்குப் பெயர். அழகம்மா ஒரு ஞாயிறும் விடாமல் கைக்காசுக்குப் போனாள். அந்த வருஷம் மழை நவம்பரிலும் விடவில்லை. சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, எல்லாரும் இறங்கின பிறகும் அவள் மட்டும் நிரையில் நிற்பாள். மீனம்மா கீழே ரோட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். அதைக் கொழுந்தில் கைவைக்க விடமாட்டாள். "ஒரு நாளைக்கு எடுத்தா கை பழகிரும்" என்பாள்.

லயத்தில் அவளுக்குப் புதுப்பெயர் வந்தது. "கோட்டுக்காரி வர்றா, பீலியில வழி விடுங்கடி" என்று பேச்சியம்மாவே தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்துவைத்தாள். "நாங்கல்லாம் நோர்வூட்டத் தாண்டல. இவ அட்டன் கோட்டு வரைக்கும் பேரு போட்டுட்டா." அழகம்மா குடத்தை வைத்துவிட்டு, "ஆமாடி, அடுத்த கேஸு ஒம்மேலதான்" என்பாள். அந்த அளவுக்குச் சிரிப்பு அப்போது இருந்தது.

சங்கத் தலைவர் வீரய்யா விசாரித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆபீஸுக்குக் கீழே, கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் நடந்த அந்தப் பேச்சு என் மேசைக்குக் கேட்டது.

"கோட்டுலருந்து ஒனக்குக் கடுதாசி ஏதும் வந்துச்சா தங்கச்சி?"

"வரலைங்கண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வராம எப்புடித் தீர்ப்பாகும்? ஆளு வந்து கையில குடுத்திருப்பானே."

"சத்தியமா வரலண்ணே. வந்தா நான் போகாம இருப்பேனா?"

வீரய்யா, எல்லாரும் அட்டன் என்று சொல்கிற ஹட்டனில் சங்கக் காரியாலயத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கே கடதாசியைக் கொண்டுவா, வழக்கு நம்பர் வேண்டும் என்றார்கள். நம்பர் இல்லை. இரண்டாந்தரம் அவர் போகவில்லை. அழகம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கோட்டிலிருந்து எதுவும் வரவில்லை, பிரஜாவுரிமைதான் வந்திருந்தது.

டிசம்பரில், மூன்றாவது பிடித்தமும் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் குவாட்டர்ஸுக்கு வந்தாள். நான் வாசலில் கதிரையைப் போட்டுப் கவிதைப் புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் நின்றபடியே சேலைக்குள்ளிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள்.

"ஐயா, ஒங்களத் தவிர யாருக்கும் காட்டல. எனக்குப் பிரஜாவுரிமை வந்து ஏழு மாசமாச்சு."

"அப்படியா. சொல்லவேயில்லையே நீங்க."

"சொன்னா போயிரும்னு பயந்தேங்க. இப்ப பேச்சி சொல்றா, பிரஜைன்னா சம்பளத்துல கை வைக்க ஏலாதாம். இத ஒருக்கா வாசிச்சிட்டுப் பெரிய ஐயாகிட்ட நீங்க சொன்னீங்கன்னா, மீனம்மாவ ஜனவரியில சேத்துருவேன்."

கடதாசியை விரித்தேன். மஞ்சள் நாலு மூலையிலும் காய்ந்து உதிர்ந்தது. ஒருமுறை வாசித்தேன். தவறாக வாசித்திருப்பேன் என்று மறுபடி வாசித்தேன். ஹட்டன் கோட்டின் அழைப்பாணை. வாதி பெயர், பிரதிவாதி பெயர், தொகை. ஜூன் இருபத்திரண்டாம் திகதி காலை ஒன்பதரை மணிக்குச் சமூகமளிக்கவும்; தவறினால் உமது பக்கம் கேளாமலே தீர்ப்பு வழங்கப்படும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று யோசித்து, கடைசியில் உள்ளபடியே சொன்னேன்.

"அப்ப இது பிரஜாவுரிமை இல்லீங்களா?"

"இல்ல. இது வரச்சொல்லி வந்தது."

"எப்ப?"

"ஜூன் இருபத்திரண்டு."

டின்னின் மூடியைப் போட்டு அழுத்தினாள். "அன்னைக்கு நான் வேலைக்குப் போனேனாங்க?" என்று கேட்டாள். "ஒங்க புஸ்தகத்துல இருக்குமே."

மறுநாள் செக்ரோலில் அந்தத் திகதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. எட்டாம் நம்பர் மலை. முழுநாள் வேலைக்கு முழுப்பேர். என் கையெழுத்து.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் லீவு கேட்டு அவளை ஹட்டனுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் அவள் முன்னால் இருந்தாள், நான் பின்னால் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே இடம் புரொக்டர் என்கிற வக்கீல் ஒருவரின் கந்தோர். அங்கே எழுதுவினைஞராக இருந்த பத்திநாதன், ஐயாவைப் பார்க்கக் காசு வேண்டும், என்னைப் பார்க்க வேண்டாம் என்று விறாந்தையிலேயே எங்களை இருத்திவிட்டார். அழைப்பாணையை முகர்ந்து பார்த்தார்.

"மஞ்சள் மணக்குது. கல்யாணக் காட்டா இது?"

அழகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பகிடியை அதோடு நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் பிடித்தத்தைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கூலி வேலை செய்றவங்க சம்பளத்துல கோட்டு கை வைக்காது. சட்டத்திலேயே எழுதியிருக்கு. மாட்டைப் பிடிக்கலாம், நகையைப் பிடிக்கலாம். உடுத்த துணி, படுக்கிற பாய், தொழில் செய்ற கருவி தொடக்கூடாது. கூலியாளோட சம்பளத்தையும் தொடக்கூடாது. கடன்காரன் கேட்டாலும் கோட்டு குடுக்காது."

"ஓடர் இருக்குதுன்னு சொல்றாங்க."

"பாத்தீங்களா?"

"சீல் பாத்தேன்."

"சீலையா படிச்சீங்க?"

நான் சம்மதக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். ரைப் செய்தது நான் என்பதைச் சொல்லவில்லை. பத்திநாதன் அழகம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை.

"கோட்டு ஓடர் இருந்தா சம்மதம் எதுக்குத் தம்பி? போலீஸ்காரன் புடிக்கும்போது, புடிச்சுக்கிறேன் சரியான்னு கேப்பானா?" என்றார். "ஆனா யாரு கண்டா, நம்மளுக்குத் தெரியாம ஏதாச்சும் ஓடர் இருக்கவும் கூடும். அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வாங்க, இல்லாட்டி அந்த ஓடரோட நம்பரையாவது கொண்டு வாங்க; கோட்டுக் கோப்பைப் புரட்டணும்னா அதுக்கும் தனியாக் காசு. அது கையில இருந்தா ஐயா கோட்டுல மோஷன் மனு போடுவார். முப்பது ரூவா ஆகும். அதுவும் சுணங்கக் கூடாது. இப்பதான் தெரிய வந்துச்சுன்னு சொல்றதுக்கும் ஒரு காலம் இருக்கு."

படி இறங்கும்போது அழகம்மா சொன்னாள்: "முப்பது ரூவா இருந்தா நான் பள்ளிக்கூடத்துலயே கட்டிருவேனே ஐயா." பிறகு, நான் வருத்தப்படக்கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, "நீங்க அந்தக் கடுதாசிய மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. காசுக்கு நான் யாரையாச்சும் கேக்குறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, பெரிய கிளாக்கர் தேத்தண்ணி குடித்து முடியும்வரை காத்திருந்தேன்.

"சேர், அழகம்மாவோட கோட்டு ஓடரை ஒருக்கா பாக்கலாமா?"

"எதுக்கு?"

"செக்ரோல்ல நம்பர் குறிச்சு வைக்க."

"நம்பர் தேவையில்ல." அவர் லாச்சியைப் பூட்டினார். கோபமே இல்லாமல் கேட்டார். "தம்பி, ஒனக்கு வேலை நிரந்தரமாகி எத்தன மாசம்?"

"இன்னும் ஆகல சேர்."

"அப்ப எழுதுற வேலையப் பாரு."

அவ்வளவுதான் நடந்தது. அவருடைய மேசைக்கும் என் மேசைக்கும் நாலடி தூரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் போகும்போது சாவியைச் சிலவேளைகளில் தொப்பிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார். அந்த டிசம்பரில் இரண்டு நாள் அப்படி விட்டார். இரண்டு நாளும் நான் சாவியைப் பார்த்துக்கொண்டு அரிசிப் புத்தகம் எழுதினேன். அழகம்மாவிடம், பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் "சரிங்க ஐயா" என்றாள். மறுபடி கேட்கவில்லை.

முப்பது ரூபா எங்கும் கிடைக்கவுமில்லை. கடைசியில் அவள் சின்னத்தம்பி முதலாளியிடமே போய், இரண்டு மாதம் மட்டும் பிடிக்காமல் விடுங்கள், பிள்ளையைச் சேர்த்த பிறகு கூட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். "எங்கையில என்னாம்மா இருக்கு, எல்லாம் கோட்டுல இருக்கு" என்று அவர் அரிசியை அளந்துகொண்டே சொன்னாராம். இதைச் சொன்னபோது பேச்சியம்மா சிரிக்கவில்லை.

ஐம்பத்தேழு ஜனவரி இரண்டாம் திகதி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிறகு அழகம்மா மீனம்மாவை ஆபீஸுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளைக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரியே கூட்டிவந்திருந்தாள். பெரிய கிளாக்கர் மேலும் கீழும் பார்த்து, "ஒசரம் காணும், பேரு பதி" என்றார். நான் புத்தகத்தைத் திறந்தேன். அழகம்மா பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது; சிவசாமியின் வரி. அதில் எழுதச் சொன்னார்கள்.

"கை வையி" என்று பெரிய கிளாக்கர் மைப்பெட்டியைக் காட்டினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க" என்றது மீனம்மா.

நான் பேனாவைக் கொடுத்தேன். வளைவெல்லாம் சரியாக, கோட்டுக்கு மேலே ஏறாமல் எழுதியது. அந்தப் பக்கத்தில் பெண்கள் வரிகளில் அது ஒன்றுதான் கையெழுத்து. அழகம்மா அதைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே ஸ்டோர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிடித்தம் ஐம்பத்தெட்டு செப்டம்பர் வரை போனது. இருபத்துநாலு மாதம், ஒரு மாதமும் தவறவில்லை. கடைசி மாதம் பதினொரு ரூபா. எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். இதற்கிடையில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

கடன் தீர்ந்த மாதம் அழகம்மா முழுச் சம்பளமும் வாங்கினாள். கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப இத வச்சு என்னாங்க பண்றது" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டாளா தெரியவில்லை. மீனம்மாவுக்கு அப்போது பதினாலு நெருங்கிவிட்டது. நாளுக்கு முப்பது இறாத்தல் எடுத்தது. கை பழகிவிட்டது. பதினெட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதை அழகம்மா பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷம், அறுபத்திரண்டு ஜூன் மழையில், இருமல் இருமலாகவே இருந்து போய்விட்டாள். ஞாயிறு மழைகளில் நனைந்த நெஞ்சு என்று டிஸ்பென்சர் சொன்னார். அவளுடைய வரியை அடித்துவிட்டுத் திகதி போட்டதும் நான்தான். அந்த வருஷக் கடைசியில் தோட்டத்து வேலையை விட்டுவிட்டேன். பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் அதுவரை வரவில்லை.

இப்போது நான் ஹட்டனில், பத்திநாதன் இருந்த அதே கந்தோரில் எழுதுவினைஞன். இந்த வருஷம், அறுபத்தைந்து மார்ச் மாதம், வேறொரு காணி வழக்குக்காகக் கோட்டின் பழைய கோப்புகளைப் புரட்டவேண்டி வந்தது. ஐம்பத்தாறாம் வருஷக் கட்டில் சின்னத்தம்பி முதலாளியின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தக் கோப்பை இழுத்தேன். எட்டுத் தாள்தான். ஜூன் இருபத்திரண்டு: பிரதிவாதி சமூகமளிக்கவில்லை, வாதிக்குத் தீர்ப்பு. செப்டம்பர் இருபத்துநாலு: பிரதிவாதியின் சம்பளத்தைக் கைப்பற்ற அனுமதி கேட்டு வாதி மனு. அதற்குக் கீழே நீதவான் தன் கையால் மூன்று வரி எழுதியிருந்தார். பிரதிவாதி தோட்டத் தொழிலாளி. தொழிலாளியின் சம்பளம் கைப்பற்றத்தக்கதல்ல. மனு நிராகரிக்கப்படுகிறது. ஒக்டோபர் முதலாம் திகதி இந்த உத்தரவின் சீல் வைத்த நகலை வாதி கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டிருக்கிறார். அந்தக் கோப்பிலிருந்து அவர் கைக்குப் போய், பத்தாம் திகதி பெரிய கிளாக்கரின் லாச்சிக்கு வந்திருக்கக்கூடிய சீல் வைத்த கடதாசி அது ஒன்றுதான்.